இரும்பு துருப்பிடிக்கும் வினையைச் சமன் செய்வது எப்படி? புத்தகத்துக்குப் புத்தகம் அது மாறுவது ஏன்?

குமரி மாவட்டத்தில் களியக்காவிளைப் பக்கத்தில் வசிக்கும் ஒரு தந்தை கேட்ட கேள்விக்கு இதைப் பதிலாக எழுதுகிறேன். அவருடைய மூத்த மகள் கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலையில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்; இளைய மகன் இந்தப் பக்கத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். இருவருடைய குறிப்பேட்டிலும் இரும்பு துருப்பிடிக்கும் வினை இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றாக இல்லை. மகனுடைய ஏட்டில் விளைபொருள் ஃபெரிக் ஹைட்ராக்சைடு, நீருக்கு முன்னால் 6 என்ற எண். மகளுடைய ஏட்டில் விளைபொருள் நீரேறிய ஃபெரிக் ஆக்சைடு, நீருக்கு முன்னால் எண்ணே இல்லாமல் எக்ஸ் என்ற எழுத்து. எது சரி, அந்த எண்களை மனப்பாடம் செய்யாமல் வருவிக்க முடியுமா, கடற்கரையில் உப்புக் காற்றால்தான் எல்லாம் துருப்பிடிக்கிறது என்கிறோமே, அந்த உப்பு ஏன் சமன்பாட்டில் இல்லை என்பவை அவருடைய கேள்விகள்.

அடிப்படையில் இரண்டு சமன்பாடுகளும் சரி; மகளுடையதில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படலாம், அதைப் பின்னால் சொல்கிறேன். அவை வேறுபடுவது நீரின் கணக்கில் மட்டுமே. இரும்புக்கு முன்னால் 4, ஆக்சிஜனுக்கு முன்னால் 3 என்ற இரண்டு எண்களும் இரண்டு ஏட்டிலும் மாறாமல் இருப்பதைப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த 4-உம் 3-உம் எங்கிருந்து வருகின்றன என்று புரிந்துவிட்டால் மற்ற எண்கள் எல்லாம் தாமாக வந்து சேரும். ஆகவே இந்தப் பதிலில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன். குறியீடுகளுக்குப் பதிலாகப் பொருள்களின் பெயர்களையே எழுதி, ஒவ்வொன்றிலும் எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்பதை அங்கங்கே சொல்கிறேன். எண்ணிக்கையைக் கண்ணால் தாண்டிப் போகாமல் மனத்தால் எண்ணிப் பார்க்க இது உதவும்.

சமன் செய்தல் என்றால் அம்புக்குறிக்கு இடப்பக்கம் எத்தனை அணுக்கள் இருக்கின்றனவோ அத்தனை அணுக்கள், அதே வகையில், வலப்பக்கமும் இருக்கும்படி செய்வது. வேதிவினையில் அணு பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. சேர்க்கை மட்டுமே மாறுகிறது. உலோகங்களை மூடிய கலனில் சூடாக்கி நிறுத்துப் பார்த்து, மொத்த நிறை மாறுவதில்லை என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு லவாய்சியர் உறுதியாக நிலைநாட்டினார். துருவின் எடை இரும்பின் எடையைவிடக் கூடுவதற்குக் காரணம் காற்றிலிருந்து வந்து சேர்ந்த பொருள்தான் என்ற தெளிவும் அந்த வழியில் வந்ததுதான்.

இதில் நாம் கை வைக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: பொருளுக்கு முன்னால் நிற்கும் எண், அதாவது கெழு. பொருளின் வாய்பாட்டுக்குள் இருக்கும் எண்ணைத் தொடவே கூடாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். ஆக்சிஜன் ஓர் அணு குறைகிறது என்றால் நீரின் வாய்பாட்டில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்துவிடுகிறார்கள். எண்ணிக்கை சரியாகிவிடும், ஆனால் அது நீராக இராது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும். கெழுவை மாற்றினால் பொருளின் அளவு மாறுகிறது. உள்ளே இருக்கும் எண்ணை மாற்றினால் பொருளே மாறிவிடுகிறது. இந்த வேறுபாட்டை ஆசிரியர் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இப்போது மகனுடைய சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். சமன் செய்யாத வடிவம் இது:

இரும்பு + ஆக்சிஜன் + நீர் → ஃபெரிக் ஹைட்ராக்சைடு

ஆக்சிஜன் காற்றில் இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கிறது. நீரில் இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். ஃபெரிக் ஹைட்ராக்சைடில் ஓர் இரும்பு, மூன்று ஆக்சிஜன், மூன்று ஹைட்ரஜன். எந்தத் தனிமம் குறைவான பொருள்களில் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குவது நல்லது. ஹைட்ரஜன் இடப்பக்கத்தில் நீரில் மட்டும், வலப்பக்கத்தில் ஹைட்ராக்சைடில் மட்டும் இருக்கிறது. ஒருபக்கம் இரண்டு இரண்டாக, மறுபக்கம் மூன்று மூன்றாக இருப்பதால் இரண்டும் ஆறில் சந்திக்கும்: 3 நீர், 2 ஹைட்ராக்சைடு. ஹைட்ராக்சைடு 2 என்றால் இரும்பும் 2. மீதி ஆக்சிஜன். வலப்பக்கம் 6 அணுக்கள்; நீரிலிருந்து 3 வந்துவிட்டன; காற்றிலிருந்து இன்னும் 3 அணுக்கள் வேண்டும், அதாவது ஒன்றரை மூலக்கூறு. கணக்கில் ஒன்றரை தவறில்லை, ஆனால் பாதி மூலக்கூறு என்று ஒன்று இல்லாததால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குகிறோம்.

4 இரும்பு + 3 ஆக்சிஜன் + 6 நீர் → 4 ஃபெரிக் ஹைட்ராக்சைடு

நிறையாலும் சரிபார்க்கலாம். இரும்பின் அணு நிறை 56, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1 என்று முழு எண்களாகக் கொண்டால், இடப்பக்கம் 224, 96, 108 சேர்ந்து 428. வலப்பக்கம் ஒரு ஹைட்ராக்சைடு 107. நான்கு சேர்ந்து 428. இந்தச் சரிபார்ப்பைப் பழக்கமாக்கிக்கொண்ட மாணவர் தேர்வில் சமன்பாட்டைத் தவறாக விட்டுவந்து நான் பார்த்ததில்லை.

தனிமங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சமன் செய்யும் இந்த முறை எளிது, போதுமானதும்கூட. ஆனால் இந்த முறையில் எண்கள் கிடைக்கின்றனவே தவிர, காரணம் கிடைப்பதில்லை. நான்கு இரும்புக்கு ஏன் மூன்று ஆக்சிஜன் மூலக்கூறு, ஏன் இரண்டோ ஐந்தோ இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், 'அப்படித்தான் வருகிறது' என்று சொல்வது நிறைவான பதில் ஆகாது. காரணம் எலக்ட்ரான்களில் இருக்கிறது.

துருப்பிடித்தல் என்பது இரும்பு தன் எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் இழப்பது. துருவில் இருக்கும் ஒவ்வோர் இரும்பு அணுவும் மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில், அதாவது ஃபெரிக் நிலையில் இருக்கிறது. ஆக்சிஜன் அணு ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களை ஏற்கும். மூலக்கூறில் இரண்டு அணுக்கள் என்பதால் ஒரு மூலக்கூறு நான்கை ஏற்கும். கொடுப்பது மூன்று மூன்றாக, வாங்குவது நான்கு நான்காக. கொடுத்த கடனும் வாங்கிய கடனும் கணக்குப் புத்தகத்தில் காசு மிச்சமில்லாமல் நேர்பட வேண்டும் அல்லவா? மூன்றுக்கும் நான்குக்கும் மீச்சிறு பொது மடங்கு 12. பன்னிரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்க 4 இரும்பு வேண்டும். பன்னிரண்டை வாங்க 3 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். 4-உம் 3-உம் இப்படித்தான் வருகின்றன. நீர் இந்தக் கொடுக்கல் வாங்கலில் சேரவில்லை. நீரிலுள்ள ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வினைக்கு முன்னும் பின்னும் அதே ஆக்சிஜனேற்ற நிலையில்தான் இருக்கின்றன. அதனால்தான் நீரின் கெழு விளைபொருளுக்குத் தக்கபடி மாறலாம். இரும்பு, ஆக்சிஜன் இரண்டின் விகிதம் மாறாது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் என்னும் கனிமம் நிறைய இருக்கிறது. அது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. இரும்பு இருந்தும் அந்த மணல் ஒரு வெட்டுகத்தியைப் போலத் துருப்பிடிப்பதில்லை. அதிலுள்ள இரும்பு உலோகமாக இல்லை. எலக்ட்ரான்களை ஏற்கெனவே இழந்து ஆக்சிஜனோடு பிணைந்துவிட்டது. துருப்பிடிப்பது உலோக இரும்பு மட்டுமே என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் மாவட்டத்தில் இல்லை.

இனி மகளுடைய ஏட்டில் இருப்பது. நீரேறிய ஃபெரிக் ஆக்சைடு என்பதில் இரண்டு இரும்பு, மூன்று ஆக்சிஜன், அதோடு ஒட்டிக்கொண்ட சில நீர் மூலக்கூறுகள். எத்தனை நீர் என்பது துரு உருவாகும் சூழலையும் அதன் வயதையும் பொறுத்து மாறுவதால் எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்று எழுதுகிறார்கள். எலக்ட்ரான் கணக்கின்படி 4 இரும்பு, 3 ஆக்சிஜன் என்று தொடங்கினால், நான்கு இரும்புக்கு இரண்டு ஆக்சைடு கிடைக்கும். ஒவ்வொன்றோடும் எக்ஸ் நீர் என்றால் மொத்தம் இரண்டு எக்ஸ் நீர்.

4 இரும்பு + 3 ஆக்சிஜன் + (2 × எக்ஸ்) நீர் → 2 நீரேறிய ஃபெரிக் ஆக்சைடு

இங்கே ஒரு தவறு பரவலாக இருக்கிறது, அதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இடப்பக்கத்தில் நீருக்கு முன்னால் வெறும் எக்ஸ் என்று எழுதி, வலப்பக்கத்தில் 2 நீரேறிய ஆக்சைடு என்று எழுதிவிடுகிறார்கள். கையேடுகளிலும் பயிற்சித்தாள்களிலும் இது அப்படியே நகலெடுக்கப்பட்டு வருகிறது. வலப்பக்கத்து 2 என்னும் கெழு ஆக்சைடை மட்டும் அன்றி அதனோடு ஒட்டியுள்ள நீரையும் பெருக்கும். ஆகவே வலப்பக்கம் இரண்டு எக்ஸ் நீர், இடப்பக்கம் ஒரு எக்ஸ் நீர். சமன்பாடு சமன் ஆகவில்லை. எக்ஸ் என்பது தெரியாத எண்தானே, எப்படி இருந்தால் என்ன என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. தெரியாத எண் என்றாலும் ஒரே சமன்பாட்டுக்குள் அது இரு பக்கமும் ஒரே எண்ணாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு என்று சொல்வதற்கே பொருளில்லை. மகளுடைய ஏட்டில் நீருக்கு முன்னால் வெறும் எக்ஸ் மட்டும் இருக்குமானால் அதை இரண்டு எக்ஸ் என்று திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது அந்த எக்ஸுக்கு 3 என்ற மதிப்பைக் கொடுத்துப் பாருங்கள். நீரின் கெழு 6 ஆகிறது. மூன்று நீர் ஏறிய ஃபெரிக் ஆக்சைடில் இரண்டு இரும்பு, ஆறு ஆக்சிஜன், ஆறு ஹைட்ரஜன் இருக்கின்றன. இரண்டு ஃபெரிக் ஹைட்ராக்சைடில் இருப்பதும் அதுவேதான். தம்பியின் சமன்பாடு அக்காவின் சமன்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸுக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்தால் நீரின் கெழு 2 ஆகி, கிடைப்பது இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு: ஓர் இரும்பு, இரண்டு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன்.

4 இரும்பு + 3 ஆக்சிஜன் + 2 நீர் → 4 இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு

உண்மையான துருவை ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்ப்பவர்கள் மிகுதியாகக் காண்பது இந்த ஆக்சிஹைட்ராக்சைடைத்தான். ஒரே வாய்பாட்டில் படிக அமைப்பு மட்டும் மாறி கோயதைட், லெப்பிடோகுரோசைட் என்ற பெயர்களில் இது கிடைக்கிறது. குளோரைடு நிறைந்த கடலோரச் சூழலில் அக்ககனைட் என்ற இன்னொரு வடிவமும் உருவாகிறது, அதன் படிகத்துக்குள் சிறிதளவு குளோரைடும் சிக்கியிருக்கும். ஃபெரிக் ஹைட்ராக்சைடு என்று நாம் பள்ளியில் எழுதுவது புதிதாகப் படிந்த, நீர் மிகுந்த துருவுக்கான எளிய எழுத்து. அது நாளடைவில் நீரை இழந்து மற்ற வடிவங்களாக மாறுகிறது. துரு ஒரே ஒரு பொருள் இல்லை, ஒரு கலவை. எனவே துருவுக்கு ஒரே ஒரு சமன்பாடு என்று எதிர்பார்ப்பதே சரியில்லை. விளைபொருள் எது என்று முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு அதற்குச் சமன் செய்ய வேண்டும்.

மேலே எழுதியவை எல்லாம் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் சொல்லும் மொத்தச் சமன்பாடுகள். நடுவில் நடப்பது பல படிகள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி இந்தப் படிகளைத் தனித்தனியாக எழுதிக் கூட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

இரும்பின் மேல் ஈரம் படிந்தவுடன், ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு ஃபெரஸ் அயனியாகக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் இரும்பின் வழியாகவே வேறோர் இடத்துக்குச் செல்கின்றன. அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது.

இரும்பு → ஃபெரஸ் அயனி + 2 எலக்ட்ரான்

ஆக்சிஜன் + 2 நீர் + 4 எலக்ட்ரான் → 4 ஹைட்ராக்சைடு அயனி

முதல் வரி இரண்டு எலக்ட்ரான் தருகிறது, இரண்டாவது வரி நான்கு கேட்கிறது. முதல் வரியை இரண்டால் பெருக்கிக் கூட்டினால் எலக்ட்ரான்கள் இருபுறமும் நீங்கிவிடும். ஃபெரஸ் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து ஃபெரஸ் ஹைட்ராக்சைடு ஆகின்றன.

2 இரும்பு + ஆக்சிஜன் + 2 நீர் → 2 ஃபெரஸ் ஹைட்ராக்சைடு

இது இன்னும் துரு ஆகவில்லை. தூய நிலையில் வெண்மையாக இருக்கும் இந்தப் பொருள் காற்று பட்டவுடன் பச்சை கலந்து, பிறகு பழுப்பாகிறது. அந்தப் படியில் ஒவ்வோர் இரும்பும் இன்னும் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்று நான்கை வாங்கும் என்பதால் நான்கு ஃபெரஸ் ஹைட்ராக்சைடு வேண்டும்.

4 ஃபெரஸ் ஹைட்ராக்சைடு + ஆக்சிஜன் + 2 நீர் → 4 ஃபெரிக் ஹைட்ராக்சைடு

முந்தைய வரியை இரட்டித்து இதனோடு கூட்டிப் பாருங்கள். நான்கு ஃபெரஸ் ஹைட்ராக்சைடு இருபுறமும் நீங்க, ஆக்சிஜன் இரண்டும் ஒன்றும் மூன்று, நீர் நான்கும் இரண்டும் ஆறு. 4, 3, 6, 4 என்ற அதே எண்கள் வேறு வழியில் வந்து நிற்கின்றன. இந்தக் கூட்டலை ஒருமுறை தன் கையால் செய்த பிள்ளைக்கு அந்த எண்கள் பிறகு மறக்காது.

இரும்பு ஓரிடத்தில் கரைகிறது, ஆக்சிஜன் வேறோர் இடத்தில் எலக்ட்ரானைப் பெறுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேம்பிரிட்ஜில் அரிமானத்தை, அதாவது உலோகங்கள் அரிக்கப்படுவதை, ஆராய்ந்த யூலிக் எவான்ஸ் 1920களில் இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி உப்புநீரை வைத்து இதை விளக்கினார். துளியின் ஓரத்தில் காற்று எளிதில் கிடைக்கிறது, அங்கே ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்குகிறது. நடுவில் ஆக்சிஜன் குறைவு, அங்கே இரும்பு கரைகிறது. இரண்டுக்கும் இடையில் துரு வளையமாகப் படிகிறது. பள்ளி ஆய்வகத்தில் இதற்கு ஓர் எளிய வடிவம் உண்டு. வெந்நீரில் கரைத்து ஆறவைத்த அகர் கூழில் சிறிது உப்பும், ஃபினாப்தலினும், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கலந்து, அதில் ஓர் ஆணியைப் புதைத்து ஒருநாள் விட்டால், ஆணியின் தலையிலும் கூர்முனையிலும் நீலமும், நடுத்தண்டில் இளஞ்சிவப்பும் தோன்றும். நீலம் ஃபெரஸ் அயனி உண்டான இடம். இளஞ்சிவப்பு ஹைட்ராக்சைடு அயனி உண்டான இடம். ஏட்டில் எழுதிய இரண்டு அரை வினைகளும் ஒரே ஆணியில் இரண்டு நிறமாகத் தெரியும். சோதனைக்குழாய்களில் ஆணிகளைப் போட்டு, காற்றும் நீரும் இரண்டும் வேண்டும் என்று காட்டும் வழக்கமான சோதனையைவிட இதை நான் உயர்வாக மதிக்கிறேன். அந்தச் சோதனை தேவையானவை எவை என்று மட்டும் சொல்கிறது, இது நடப்பது என்ன என்றே காட்டுகிறது.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஹைட்ராக்சைடு அயனிக்குப் பதில் ஹைட்ரஜன் அயனியை வைத்து எழுதிய வடிவமும் வரும். அமிலத்தன்மை உள்ள ஈரத்துக்கு அது பொருந்தும். இதற்கு நம் ஊரிலேயே இடம் இருக்கிறது. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுகிறார்கள். உறைந்த ரப்பரை ஷீட்டாக அடிக்கும் இரும்பு உருளைகளின் மேல் அந்த அமில நீர் வடிந்துகொண்டே இருக்கும். கழுவாமல் விட்ட உருளை எவ்வளவு விரைவில் சிவந்துபோகும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

2 இரும்பு + ஆக்சிஜன் + 4 ஹைட்ரஜன் அயனி → 2 ஃபெரஸ் அயனி + 2 நீர்

இங்கே அணுக்களை எண்ணினால் மட்டும் போதாது, மின்சுமையையும் எண்ண வேண்டும். இடப்பக்கம் நான்கு ஹைட்ரஜன் அயனிகளின் நேர்மின்சுமை 4. வலப்பக்கம் இரண்டு ஃபெரஸ் அயனிகள், ஒவ்வொன்றுக்கும் 2, ஆக 4. அயனிச் சமன்பாட்டில் இந்தச் சரிபார்ப்பை விட்டவர்கள் மதிப்பெண் இழப்பது உறுதி. இந்த வினையின் திட்ட மின்னழுத்தம், அதாவது எலக்ட்ரான் கைமாறும் நாட்டத்தின் அளவு, 1.67 வோல்ட்; ஆக்சிஜன் ஒடுக்கத்துக்கு, அதாவது அது எலக்ட்ரானைப் பெறுவதற்கு, 1.23, இரும்பின் பக்கம் 0.44, இரண்டையும் கூட்டி வருவது. அடுத்த படி:

4 ஃபெரஸ் அயனி + ஆக்சிஜன் + 4 நீர் → 2 ஃபெரிக் ஆக்சைடு + 8 ஹைட்ரஜன் அயனி

முதல் வரியை இரட்டித்துக் கூட்டுங்கள். எட்டு ஹைட்ரஜன் அயனிகள் இடப்பக்கம் செலவாகி, எட்டு வலப்பக்கம் திரும்பி வருகின்றன. நீரும் இருபுறமும் நான்கு நான்காக நீங்கிவிடுகிறது. மிஞ்சுவது 4 இரும்பு, 3 ஆக்சிஜன், 2 ஃபெரிக் ஆக்சைடு மட்டுமே. அமிலம் செலவாகவே இல்லை! துருப்பிடித்து முடிந்த இடத்திலிருந்து அதே அமிலத்தன்மை திரும்பக் கிடைத்து அடுத்த இரும்பைக் கரைக்கப் போகிறது. உருளையில் சிறிதளவே மிஞ்சிய அமிலம் அவ்வளவு கெடுதல் செய்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து வைப்பதன் பயனும் இதில்தான் இருக்கிறது.

இதே கூட்டலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறுதி வரியில் நீர் இல்லை. ஆனால் நீர் இல்லாமல் சாதாரண வெப்பநிலையில் இரும்பு துருப்பிடிக்காது. வினை நடக்க வேண்டியவை எல்லாம் சமன்பாட்டில் இருக்கும் என்று நினைப்பது தவறு. நிகரமாகச் செலவானதும் நிகரமாக விளைந்ததும் மட்டுமே அதில் இருக்கும்.

உப்பைப் பற்றிய கேள்விக்கும் விடை இதுவே. நீரோடியிலிருந்து குளச்சல் வரையுள்ள கரையில் சன்னல் கம்பி, கிணற்றுக் கப்பி, படகின் சங்கிலி எதுவும் உள்நாட்டில் இருப்பதைப்போல நீடிப்பதில்லை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்னும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம் என்பதால் ஈரத்துக்கும் குறைவில்லை. உப்பு அங்கே முக்கியமாக இரண்டு வேலைகளைச் செய்கிறது. நீரில் அயனிகளாகப் பிரிந்து, இரும்பு கரையும் இடத்துக்கும் ஆக்சிஜன் ஒடுங்கும் இடத்துக்கும் இடையே மின்னோட்டம் எளிதாகச் செல்ல வழிசெய்கிறது. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்பதால் இந்த உதவி பெரிது. குளோரைடு அயனி இரும்பின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தை ஊடுருவிக் குலைக்கவும் செய்கிறது. அக்ககனைட்டில் சிக்கும் சிறிதளவைத் தவிர, இந்த இரண்டு வேலைகளிலும் உப்பு செலவாவதில்லை. இன்னும் உப்பு ஈரத்தைக் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்வதால், மழை நின்ற பிறகும் இரும்பின் மேல் ஈரப்படலம் காயாமல் இருக்கும். வேகத்தைக் கூட்டுகிறது, பொருளாகச் சேர்வதில்லை. ஆகவே சமன்பாட்டில் அதற்கு இடமில்லை. ஒரு மாணவர் உப்பையும் இடப்பக்கத்தில் எழுதினால், வலப்பக்கத்தில் சோடியத்தையும் குளோரினையும் எங்கே வைப்பது என்று கேளுங்கள்; உடனே புரிந்துகொள்வார்.

துருவோடு குழப்பிக்கொள்ளும் வேறொரு வினையையும் பிரித்துக் காட்டிவிட வேண்டும். பத்தாம் வகுப்பில் சமன் செய்யும் பயிற்சிக்கு வழக்கமாகத் தரப்படுவது இரும்பும் நீராவியும்.

3 இரும்பு + 4 நீராவி → இரும்பின் கருப்பு ஆக்சைடு + 4 ஹைட்ரஜன்

கருப்பு ஆக்சைடு என்பது மேக்னடைட், மூன்று இரும்பும் நான்கு ஆக்சிஜனும் கொண்டது. இது செஞ்சூட்டில் உள்ள இரும்பின் மேல் நீராவியைச் செலுத்தும்போது நடப்பது. வாசலில் கிடக்கும் மம்பட்டி துருப்பிடிப்பது இந்த வினையால் அன்று. இங்கே எலக்ட்ரானை வாங்குவது காற்றிலுள்ள ஆக்சிஜன் இல்லை, நீரிலுள்ள ஹைட்ரஜன். மேக்னடைட்டில் ஓர் இரும்பு இரண்டு எலக்ட்ரானையும் இரண்டு இரும்புகள் மும்மூன்றையும் இழந்திருப்பதால் மொத்தம் எட்டு. ஒரு நீர் மூலக்கூறின் இரண்டு ஹைட்ரஜன்களும் ஒவ்வொன்றாக இரண்டை வாங்கும். எட்டுக்கு நான்கு நீர். எலக்ட்ரான் கணக்கு இங்கேயும் பிசகாமல் வேலை செய்கிறது. நிறையைப் பார்த்தால் 168-உம் 72-உம் சேர்ந்து 240. மறுபக்கம் 232-உம் 8-உம் சேர்ந்து 240. துருவின் அடியில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், கருப்பாக ஓர் அடுக்கு இருப்பதைப் பழைய சங்கிலியைச் சுரண்டினால் பார்க்கலாம்; அதிலும் மேக்னடைட் உண்டு, ஆனால் அது உருவாகும் வழி வேறு.

எண்களை வெறும் எண்களாக விடாமல் எடையோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது. தேங்காய்ப்பட்டணத் துறைமுகத்தில் கிடக்கும் சங்கிலி ஒன்றில் 1 கிலோ இரும்பு முழுவதும் துருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 224 பங்கு இரும்புக்கு 96 பங்கு ஆக்சிஜன் என்ற கணக்கில், அது எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் சுமார் 429 கிராம். இது எந்த வகைத் துருவுக்கும் பொதுவான எண். கிடைக்கும் துருவின் எடை மட்டும் நீரைப் பொறுத்து மாறும்: நீரில்லாத ஆக்சைடாக இருந்தால் சுமார் 1.43 கிலோ, ஆக்சிஹைட்ராக்சைடாக இருந்தால் 1.59 கிலோ, ஃபெரிக் ஹைட்ராக்சைடாக இருந்தால் 1.91 கிலோ. அந்த 429 கிராம் ஆக்சிஜனைத் தர, அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1,560 லிட்டர் காற்று வேண்டும். இந்த ஐந்து எண்களையும் மகளை வருவிக்கச் சொல்லுங்கள். எல்லாமே மேலே உள்ள சமன்பாடுகளிலிருந்தும், காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு, அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு சுமார் 24.5 லிட்டர் என்பவற்றிலிருந்தும் வரும்.

தேர்வில் எதை எழுதுவது என்ற கவலைக்கு நடைமுறை விடை ஒன்றுதான்: கேள்வியில் விளைபொருள் கொடுத்திருந்தால் அதற்கே சமன் செய்ய வேண்டும், கொடுக்கவில்லை என்றால் அந்தந்தப் பாடத்திட்டத்தின் புத்தகத்தில் உள்ள வடிவத்தை எழுத வேண்டும். இளையவன் தன் வடிவத்தையும் மூத்தவள் தன் வடிவத்தையும் எழுதட்டும். ஒருவர் ஏட்டை மற்றவர் திருத்த வேண்டியதில்லை, அந்த இரண்டு எக்ஸ் என்ற திருத்தம் நீங்கலாக.

கற்றது கைவசமாயிற்றா என்று பார்க்க ஒரு பயிற்சி. கூரைக்குப் போடும் ஜிஐ ஷீட்டின் மேல் பூசியிருப்பது துத்தநாகம். இரும்பின் திட்ட மின்னழுத்தம் −0.44 வோல்ட், துத்தநாகத்துடையது −0.76, ஆகவே பூச்சில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், துத்தநாகம் இருக்கும்வரை எலக்ட்ரானைக் கொடுப்பது துத்தநாகமே, இரும்பு இல்லை. துத்தநாக அணு இழப்பது இரண்டு எலக்ட்ரான். இரும்பைப் போல மூன்றாவது எலக்ட்ரானை இழக்கும் படி என்று ஒன்று அதற்குக் கிடையாது. விளைபொருள் துத்தநாக ஹைட்ராக்சைடு: ஒரு துத்தநாகம், இரண்டு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து இது உருவாகும் வினையைப் பிள்ளைகள் இருவரும் தனித்தனியே எழுதட்டும். ஒருவர் அணுக்களை எண்ணும் முறையிலும் மற்றவர் எலக்ட்ரான் கணக்கிலும் போகலாம். இருவருக்கும் கெழுக்கள் 2, 1, 2, 2 என்று வர வேண்டும்.